197 மில்லிமீட்டரில் ஒரு கடலூர் இன்ஜின்

செப்புக் கம்பி, டீ வடிகட்டி, மீன்வலை ஈயக்குண்டு, கொஞ்சம் உப்புக்காற்று: ஒரு டீசல் இன்ஜின் மாடலை ‘நம்ம ஊர் வண்டி’ ஆக்கிய கதை

“இது வண்டி இல்ல தம்பி, பொம்மை.”

சொன்னவர் கடலூர் முதுநகரில் எங்கள் தெருக்காரர். பொன்மலை டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல மாதம் காத்திருந்து வாங்கிய மாடல் இன்ஜினை, பெட்டியைப் பிரித்த சூட்டோடு அவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, கண்ணுக்குக் கிட்டே வைத்து முன்னும் பின்னும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“பெயின்ட் சரியா இருக்கு. நம்பர் சரியா இருக்கு. ஆனா இதுல ஒரு நாள்கூட யாரும் ஏறி எறங்கல.”

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கோபத்தினால் இல்லை. அவர் சொன்னது சரி என்பதால்.

கொலுவில் ஓடிய ரயில்

நம் வீடுகளில் மாடல் ரயில் என்றால் அது கொலுவில்தான் அறிமுகம். படிகளுக்கு முன்னால் மணலைக் கொட்டி, கேழ்வரகைத் தெளித்து முளைக்கவிட்டு, உடைந்த கண்ணாடியைக் குளமாக்கி ‘பார்க்’ போடுவோமே, அதைச் சுற்றி வட்டமாக ஒரு சாவி ரயில். பிற்பாடு பேட்டரி ரயில். வண்டிப்பாளையத்துக் களிமண் பொம்மைகள் மேல்படியில் உட்கார்ந்திருக்க, கீழே அது சுற்றிச் சுற்றி வரும். மளிகைக்கடைச் செட்டியாரின் தொந்தி இன்ஜினைவிடப் பெரிதாக இருக்கும். யாரும் கவலைப்பட்டதில்லை.

ஸ்கேல் மாடல் என்பது அந்தக் கவலையை விலைக்கு வாங்குவது. உலகத்தில் அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. என்ற அளவு: நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது மாடலில் 1 மில்லிமீட்டர். என்னிடம் இருப்பது டபிள்யூ.டி.எம்.3ஏ என்ற அகலப்பாதை டீசல். நிஜ இன்ஜின் பஃபருக்கு பஃபர் 17 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. மாடல் 197 மில்லிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலுக்குள் அடங்கிவிடும். 1,092 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் பன்னிரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கி, சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிடும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு தொழிலே இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் வைப்பரிலிருந்து ஹாரன் வரை தனித்தனிப் பாக்கெட்டில் வாங்கலாம். இந்திய இன்ஜின்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சில சிறு தயாரிப்பாளர்கள் கொஞ்சமாகச் செய்கிறார்கள். மீதியெல்லாம் கைவேலை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. எல்லாம் பாக்கெட்டில் கிடைத்திருந்தால் மோட்டார் காயில் கட்டும் கடைக்கும் மீன்வலைக் கடைக்கும் நான் ஏன் போகப்போகிறேன்?

எந்த இன்ஜின்? எந்த வருஷம்?

ஃபிட்டர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: “இது எந்த வருஷத்து வண்டி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கேதான் மாடல்காரர்கள் பெரும்பாலும் சறுக்குகிறோம். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றைக்கு எடுத்த படத்தைப் பார்த்து மாடல் செய்கிறோம். கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு அறுபதாம் கல்யாணத்து மாப்பிள்ளையை அடையாளம் காண முடியுமா?

நம் பாதைக்கு வருஷம் ரொம்ப முக்கியம். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போவதுதான் ரயில்வேக்காரர்கள் வாயில் ‘மெயின் லைன்’. விருத்தாசலம் வழியாக நேரே போவது ‘கார்டு லைன்’. மெயின் லைன் நெடுங்காலம் மீட்டர் கேஜ். சென்னையிலிருந்து விழுப்புரம் வரை மின்சார இன்ஜின் இழுத்து வரும். அங்கே அதைக் கழற்றிவிட்டு முன்பு நீராவி, பிறகு டீசல் மாட்டுவார்கள். அந்த டீசல்தான் ஒய்.டி.எம்.4. ‘ஒய்’ என்றால் மீட்டர் கேஜ், ‘டி’ டீசல், ‘எம்’ ஆள் வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் பொது. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 1960-களின் தொடக்கத்தில் வர ஆரம்பித்து, பின்னால் வாரணாசியிலேயே செய்தார்கள். ஆறு சிலிண்டர், எடை 72 டன். சோழன் எக்ஸ்பிரஸை எதிர்பார்த்துச் சிதம்பரம் பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்கு அதன் ‘டக்... டக்... டக்...’ என்ற சோம்பேறி உறுமல் இன்னும் காதில் இருக்கும்.

2006 கடைசியில் விழுப்புரம் – மயிலாடுதுறை பாதையை அகலமாக்க மூடினார்கள். 122 கிலோமீட்டர். 2010 ஏப்ரலில்தான் மறுபடி ரயில் வந்தது. நடராஜரைத் தரிசிக்க வந்தவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவரும் மூன்று வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் இடிபட்டார்கள். அகலப்பாதையில் வந்தவை ஆல்கோவின் பெரிய பிள்ளைகள். டபிள்யூ.டி.எம்.2 இந்தியாவுக்கு வந்தது 1962-ல். 1964-லிருந்து வாரணாசித் தயாரிப்பு. பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். அதையே 3,100-ஆக ஏற்றியது டபிள்யூ.டி.எம்.3ஏ. இப்போது மெயின் லைன் முழுக்க மேலே மின்கம்பி. டீசலைப் பார்க்க வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும்.

ஆக, கடலூர் – சிதம்பரம் பாதையில் இந்த இன்ஜின் ராஜாவாக இருந்தது பத்து வருஷம் சொச்சம்தான். அதற்குள் எந்த வருஷம்? நான் 2013 கோடையை எடுத்துக்கொண்டேன். காரணம் பெரிய ஆராய்ச்சியெல்லாம் இல்லை. அந்த வருஷம் சிதம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று நான் கைபேசியில் எடுத்த ஒரு படம் என்னிடம் இருந்தது. சித்தப்பாவை வழியனுப்பப் போனபோது எடுத்தது. சித்தப்பா படத்தில் இல்லை. இன்ஜினின் முதுகு முழுசாக இருந்தது.

வருஷத்தை முடிவு செய்துவிட்டால் பின்னணியும் தானாக முடிவாகிவிடும். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் நம் கரையைக் கடந்தது. மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. 2013-ஐ மாடல் செய்கிறவன் பாதையோரத்தில் அடர்ந்த முந்திரித் தோப்பை வைத்தால் அது பொய். இளங்கன்றுகளும் அறுத்த அடிமரங்களும்தான் வைக்க வேண்டும்.

முதுகு

அந்தப் படம் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. நாம் ரயிலைப் பிளாட்பாரத்தில் நின்று பார்க்கிறோம். படமும் அங்கிருந்தே எடுக்கிறோம். இன்ஜினின் முகம் தெரியும், விலா தெரியும். மாடலோ மேசைமேல் இருக்கிறது. அதை மேலேயிருந்து பார்க்கிறோம். முதலில் கண்ணில் படுவது கூரை. ஆயிரம் படம் தேடினாலும் கூரையின் படம் மட்டும் கிடைக்காது.

என் மாடலின் கூரையில் ரேடியேட்டர் விசிறி இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு வரிவடிவம் மட்டும் அச்சாகியிருந்தது. நிஜத்தில் அங்கே கம்பிவலை. அதற்குக் கீழே ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பெரிய விசிறி, கிடைமட்டமாக. அந்த வட்டத்தை அறுத்து எடுத்தேன். கை நடுங்கியது என்று ஒப்புக்கொள்கிறேன். காசு கொடுத்து வாங்கிய பொருளில் கத்தி வைப்பது தனி தைரியம். காலியான மாத்திரை அட்டையின் அலுமினியத் தகட்டில் விசிறி இலைகளை வெட்டி உள்ளே ஒட்டினேன். மேலே வலைக்கு? வீட்டிலிருந்த பழைய டீ வடிகட்டி. அதன் கண் அரை மில்லிமீட்டர் சுமார். 87-ஆல் பெருக்கினால் நாலு சென்டிமீட்டருக்கு மேல். நிஜ வலையோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. மறுநாள் காலை காபியில் திப்பி மிதந்ததற்கு வீட்டில் கிடைத்த மரியாதையை இங்கே எழுத வேண்டாம்.

கைப்பிடிக் கம்பி

யாரும் ஏறி இறங்காத வண்டி என்று அண்ணன் சொன்னாரே, அதற்கு முதல் காரணம் கைப்பிடிகள். மாடலில் அவை பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக வார்க்கப்பட்டவை. அளந்து பார்த்தேன்: முக்கால் மில்லிமீட்டர். நிஜ அளவில் 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலக் குழாய். அதை ஒரு மனிதன் கையால் இறுகப் பற்ற முடியாது. பார்க்கிறவருக்குக் கணக்குத் தெரியாது; ஆனால் கண் கண்டுபிடித்துவிடும்.

தேவைப்பட்டது கால் மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் நடுவில் ஒரு கம்பி. மோட்டார் காயில் கட்டும் கடையில் போய் 30-ம் நம்பர் எனாமல் கம்பி கேட்டேன். 0.315 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 27 மில்லிமீட்டர், கச்சிதமான கைப்பிடிக் குழாய். “எந்த மோட்டாருக்கு?” என்றார் கடைக்காரர். “ரயிலுக்கு” என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாலு முழம் சும்மாவே கொடுத்தார்.

செப்புக் கம்பியில் ஒரு சங்கடம் உண்டு. சுருளிலிருந்து வருவதால் வளைந்து வளைந்து இருக்கும். கையால் நீவினால் நேராகாது. ஒரு முனையைக் குறடு போட்டு மேசையில் இறுக்கிவிட்டு, மறுமுனையை இன்னொரு குறட்டால் பிடித்து மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு கணத்தில் கம்பி லேசாக ‘கொடுக்கும்’, விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இப்போது அது ரூலர் மாதிரி நேராக இருக்கும். இழுபட்டதால் கொஞ்சம் விறைப்பும் ஏறியிருக்கும். அதற்கு மேல் இழுத்தால் ‘டப்’.

பிறகு வார்ப்புக் கைப்பிடியைப் பிளேடால் சீவி எடுத்து, அந்த இடத்தில் 0.4 மில்லிமீட்டர் ஓட்டை. சர்க்யூட் போர்டில் ஓட்டை போடும் ஊசி மாதிரி பிட்டுகள் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கின்றன. அதை விரலால் சுழற்றும் பிடியில் மாட்டி, மிளகு இடிக்கிற பொறுமையோடு திருப்ப வேண்டும். மிஷின் வைத்தால் பிளாஸ்டிக் உருகும். ஓட்டைகள் மொத்தம் 84. உடைந்த பிட்டுகள் ஏழு. கம்பியை ‘ப’ வடிவில் மடிக்க, அட்டையில் அளவு வெட்டி ஓர் அச்சு செய்துகொண்டேன். அச்சில்லாமல் கண்ணளவில் மடித்த முதல் நான்கும் நான்கு தினுசாக வந்தன.

பாதி வேலை முடிந்தபோது ஒரு விபத்து. உடனடியாகப் பிடிக்கும் பசையை டிரைவர் அறை ஜன்னலுக்கு அருகில் இரண்டு சொட்டு அதிகமாக விட்டுவிட்டு மூடி வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஜன்னல் பிளாஸ்டிக் முழுக்க வெள்ளைப் புகை படிந்து, கண்புரை விழுந்தது போல. அந்தப் பசை காயும்போது ஆவி வெளிவரும். மூடிய இடத்தில் அது கண்ணாடிமேல் வெள்ளையாக உறைந்துவிடும். நஷ்டம்தான். ஆனால் அதனால்தான் நல்ல ஜன்னல் கிடைத்தது. பழைய தடித்த பிளாஸ்டிக்கைப் பெயர்த்துவிட்டு, நுண்ணோக்கியில் வைக்கும் கவர் ஸ்லிப்பை வெட்டிப் பொருத்தினேன். அது நிஜக் கண்ணாடி, மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான் கனம். பார்த்து வெட்ட வேண்டும், அப்பளம் மாதிரி நொறுங்கும். வெயிலை அது திருப்பி அடிக்கும் விதமே வேறு. பிளாஸ்டிக்கில் அந்தப் பளீர் வராது.

முகம்

இன்ஜினின் முகத்தில் சாமான்கள் அதிகம். நடுவில் இணைப்புக் கொக்கி, இரண்டு பக்கமும் வட்டமான பஃபர், கீழே தண்டவாளத்தை ஒட்டி மாடு தள்ளும் காப்பு, தொங்கும் ரப்பர்க் குழாய்கள். மாடலில் பஃபர் மட்டும் இருந்தது.

குழாய்கள் காற்று பிரேக்குக்கு. ரயில்வேயில் அவற்றுக்கு நிறம் உண்டு: பிரேக் குழாயின் முனை பச்சை, ஃபீட் குழாயின் முனை வெள்ளை. இருட்டில் வண்டி கோர்க்கிற ஆள் தடுமாறக் கூடாது என்பதற்காக. கெட்டுப்போன இயர்போனின் ஒயர் குழாய்க்குப் பொருத்தம், இயல்பாகத் தொங்கும். முனையில் குண்டூசி நுனியால் ஒரு புள்ளி பச்சை, ஒரு புள்ளி வெள்ளை. இதைப் பார்த்ததும் அண்ணன் முகத்தில் முதல்முறை ஒரு மாற்றம் தெரிந்தது. சொல்லவில்லை, தெரிந்தது.

கொக்கிக்கு வெளிநாட்டுச் சரக்கே பொருந்திவிடுகிறது. அமெரிக்க மாடல்களுக்கு வரும் விரல்மடக்கு மாதிரியான இணைப்பும் நம் இன்ஜினின் நடு இணைப்பும் ஒரே குடும்பம். மீட்டர் கேஜில் இந்த முகமே வேறு: பக்க பஃபர் கிடையாது. நடுவில் ஒற்றை பஃபர், அதிலேயே கொக்கி. பக்கத்தில் வாக்குவம் பிரேக்கின் தடித்த குழாய் நிமிர்ந்து நிற்கும்.

எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம்பரும் ஷெட் பெயரும் கம்ப்யூட்டரில் அடித்து, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கலாக எடுக்கலாம். ஆனால் நம் ஷெட்டுகளில் நீண்ட காலம் பெயின்டர்கள் கையால் எழுதினார்கள். ஒரு சுழி கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஒரு கோடு நூலளவு இறங்கியிருக்கும். அச்சடித்த எழுத்தை ஒட்டியபின் ஒன்றிரண்டு இடத்தில் தூரிகையால் வேண்டுமென்றே கெடுத்தேன்.

கடைசியாக, விளக்குக்குக் கீழே சந்தனம் குங்குமம். ஆயுத பூஜைக்கு ஷெட்டில் இன்ஜின்களுக்கு மாலை போட்டு, வாழைக்கன்று கட்டிப் பூஜை செய்வார்கள். மாலை வாடி உதிர்ந்துவிடும். பொட்டு மழை வரும் வரை மங்கலாக இருக்கும். நான் வைத்தது மங்கிய பொட்டு. எந்த வெளிநாட்டுப் பாக்கெட்டிலும் இது வராது.

வயிற்றுக்குள்

வெளியே அழகு பார்த்தால் போதாது, ஓட வேண்டும். மாடல் இன்ஜின் எடை குறைவு. நாலு பெட்டி மாட்டினால் சக்கரம் வழுக்கும். உள்ளே எடை வைக்க வேண்டும். தேவனாம்பட்டினத்தில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி, சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, மோட்டாருக்கு இரண்டு பக்கமும் சமமாக அடுக்கினேன். தொட்டபின் கையை நன்றாகக் கழுவுங்கள், ஈயம் விஷம்.

விளக்குக்கு எல்.இ.டி. கடையில் சுலபமாகக் கிடைப்பது 3 மில்லிமீட்டர். நிஜத்தில் அது 26 சென்டிமீட்டர் விளக்காகிவிடும். இரண்டு மில்லிமீட்டர் தேடிப்பிடித்தேன். பளீர் வெள்ளை வேண்டாம். 2013-ல் இந்த இன்ஜினில் மஞ்சள் சாயலுள்ள இரட்டை விளக்கு. ஆபத்துக் காலத்தில் எதிர்வண்டியை எச்சரிக்கும் ஆரஞ்சு ஃப்ளாஷர் தனி. சிற்பி சிலைக்குக் கண் திறப்பது போல இந்த விளக்கு வேலையை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

சத்தத்துக்கு டிஜிட்டல் டிகோடர் என்று ஒரு சில்லு இருக்கிறது. தண்டவாளம் வழியாகவே கட்டளை போகும். சர்க்கரைக் கட்டி அளவு ஸ்பீக்கரில் சத்தம் வரும். இங்கே நமக்கு ஓர் அதிர்ஷ்டம். அமெரிக்காவில் ஓடிய ஆல்கோவின் 251 வகை டீசலும் நம் டீசலும் ஒரே இனம் என்பதால், அவர்கள் பதிவு செய்த உறுமல் நமக்கும் பொருந்தும். ஹாரன் பொருந்தாது. அமெரிக்க ஹாரன் கூட்டுச் சுதியில் அலறும். அதை அப்படியே விட்டால் சிதம்பரம் ஸ்டேஷனில் சிகாகோ வண்டி நுழைந்த மாதிரி இருக்கும். நம்முடையதை நாமே பதிவு செய்து ஏற்ற வேண்டியதுதான்.

வேகத்தைப் பற்றி மாடல்காரர்களிடம் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுவிட்டு, விசையைத் திருகி இன்ஜினைப் பறக்கவிடுகிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் ஹெச்.ஓ. அளவில் நொடிக்கு 16 சென்டிமீட்டர்தான். நான் பார்த்த ஓட்டங்களில் நொடிக்கு 60 சென்டிமீட்டர் சாதாரணம். கணக்குப் போட்டால் மணிக்கு 188 கிலோமீட்டர்! வந்தே பாரத்தே சோதனை ஓட்டத்தில் தொட்டது சுமார் 180. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், கிள்ளை என்று நின்று நின்று போகிற பாசஞ்சரை இழுக்கிற இன்ஜினுக்கு எதற்கு அந்த அவசரம்? ஊர்ந்து கிளம்ப வேண்டும். கிளம்பும்போது ஆல்கோ கரும்புகை கக்கும். அதை மட்டும் மாடலில் நான் முயலவில்லை. வீட்டில் குடியிருக்க வேண்டுமே.

அழுக்கு

இனி அசல் வேலை. புது இன்ஜினை அழுக்காக்குவது.

முதல் முயற்சியில் மண்ணையே பயன்படுத்தலாம் என்று நினைத்தேன். நெய்வேலிப் பக்கத்துச் செம்மண், கடலூர்க் கடற்கரை மணல், எல்லாம் நம் மண்தானே. தூவிப் பார்த்தால் இன்ஜின்மேல் கல்மழை பெய்த மாதிரி இருந்தது. நியாயம்தான்: 0.2 மில்லிமீட்டர் மணல் துகள் நிஜ அளவில் 17 மில்லிமீட்டர் ஜல்லி. செம்மண்ணை இடித்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்து, மேலே பறக்கிற தூசியை மட்டும் பிடித்தேன். அது உதவியது.

அழுக்கை ஒரே சீராகப் பூசுவதுதான் பலரும் செய்கிற பிழை. அழுக்குக்குக் காரணம் உண்டு, வழி உண்டு. சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள், பழுப்பு. புகைபோக்கியைச் சுற்றிக் கரி; மங்கிய கறுப்பு. டீசல் ஊற்றும் வாய்க்குக் கீழே வழிந்த எண்ணெய். இது மட்டும் பளபளக்க வேண்டும். கதவு இடுக்குகளிலிருந்து மழைநீர் இறங்கிய கோடுகள். மேலிருந்து கீழேதான், ஒருபோதும் குறுக்கே இல்லை. ஏறும் படியில் பூட்ஸ் தேய்த்து சாயம் போயிருக்கும். டிரைவர் ஜன்னலின் அடிக்கட்டையில் முழங்கை படுகிற ஒரு சாண் இடம் மட்டும் சுத்தமாக இருக்கும்.

செய்முறை சுலபம்தான். கறுப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக் சாயத்தை மோர் போல இல்லை, நீர்மோர் போலக் கரைத்து, ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, உடம்பு முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நிமிஷம் கழித்துப் பஞ்சால் மேலிருந்து கீழாகத் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் தங்கும். காய்ந்ததும் சாக்பீஸ் தூளும் செம்மண் தூசியும் தூரிகையில் தொட்டுத் தொட்டு வைத்து, மினுக்கம் இல்லாத வார்னிஷால் மூட வேண்டும். கனமாகப் பூசிவிடாதீர்கள், 0.1 மில்லிமீட்டர் சாயப் படலம் நிஜத்தில் 9 மில்லிமீட்டர் சுவர். ஆணித்தலைகளெல்லாம் அதற்குள் மூழ்கிவிடும்.

துருவை மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கடலூர்க்காரனுக்குத் துரு வீட்டு உறுப்பினர். ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம், கேட் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் 1830-லேயே வெள்ளைக்காரர் ஒருவர் இரும்பாலை வைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். இரும்புக்கு இதைவிட எதிரியான காற்று எங்கே கிடைத்திருக்கும்? துரு நடுவில் பிடிக்காது. ஓரத்தில், ஆணி இடுக்கில், சாயம் கொப்புளித்த இடத்தில் பிடிக்கும். முதலில் கொப்புளம், பிறகு செதில், அதற்குப் பிறகுதான் ஓட்டை. ஓடுகிற இன்ஜினை அந்த அளவுக்கு விடமாட்டார்கள். அதனால் நான் கொப்புளத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ல் வகுத்தால் 19.3. கடையில் கிடைக்கிற ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5, அது வெளிநாட்டு 1,435 மில்லிமீட்டர் பாதைக்கானது. ஆக என் இன்ஜின் காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கவாட்டில் தெரியாது, நேர்முகமாகப் பார்த்தால் தெரியும். 19.3-க்கு அச்சு, சக்கரம், தண்டவாளம் எல்லாவற்றையும் தானே செய்கிற வைராக்கியக்காரர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். எனக்கு அந்த வைராக்கியம் இல்லை. மீட்டர் கேஜ்காரனுக்கு இந்தத் தொல்லை குறைவு: 1,000-ஐ 87-ல் வகுத்தால் 11.5, 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கிறது. அரை மில்லிமீட்டரை யார் பார்க்கப்போகிறார்கள்?

அண்ணன்தான் பார்ப்பார்.

எட்டு மாதம் கழித்து, மறுபடி அவர் வீட்டுத் திண்ணையில் வைத்தேன். இந்தத் தடவை கையில் எடுக்கவில்லை. குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி பார்த்தார். ரொம்ப நேரம். பச்சைக் குழாயைக் காட்டி “ம்” என்றார். ஜன்னல் கட்டையைக் காட்டி ஒரு “ம்”. பிறகு டீசல் டேங்கில் விரலை வைத்தார்.

“டேங்க்ல எண்ணெய் எவ்ளோ இருக்குன்னு பாக்க ஒரு கண்ணாடி இருக்குமே, எங்க?”

இல்லை. நான் பார்த்த ஒரு படத்திலும் அது என் கண்ணில் பட்டதில்லை. அவர் தினமும் முதலில் பார்த்தது அதைத்தான். அன்று ராத்திரியே இயர்போன் ஒயரின் மேல்தோலை நீளவாக்கில் கீறி, ஒரு மெல்லிய துண்டை ஒட்டி, நடுவில் பழுப்புக் கோடு போட்டேன். காலையில் கொண்டுபோனேன்.

“இப்ப கெளம்பலாம்” என்றார்.

அடுத்து ஒய்.டி.எம்.4. 2006-க்கு முந்தைய சிதம்பரம். உடம்புக்கு 3டி பிரின்ட் வரைபடம் போட ஆரம்பித்துவிட்டேன். விலாவுக்கும் முகத்துக்கும் படங்கள் சேர்ந்துவிட்டன. முதுகுக்கு ஒன்றுகூட இல்லை. உங்கள் வீட்டு ஆல்பத்தில், பழைய பிலிம் ரோலில், கடலூர் துறைமுகம் சந்திப்பிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரத்திலோ நடைமேம்பாலத்திலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ எடுத்த படம் இருக்கலாம். மாப்பிள்ளை அழைப்பாக இருக்கலாம், கல்லூரிச் சுற்றுலாவாக இருக்கலாம். பின்னால் மீட்டர் கேஜ் டீசலின் கூரை தெரிந்தால் போதும். மலேசிய வாசகர்களும் தேடலாம்: 1990-களில் இதே இன்ஜின்கள் வாடகைக்கு உங்கள் ஊர் ரயில்வேக்கு வந்து ஓடின. படத்தைக் கைபேசியில் பிரதி எடுத்து, வருஷத்தையும் ஸ்டேஷனையும் எழுதி, இந்த இதழின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும்.